கண்ணாடிப் பெட்டியும் மண்பானையும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "வீட்டுல பாம்பு வெக்க ஒரு பெட்டி செய்யப் போறேன். பிளைவுட்டா, கண்ணாடியா, எது பெஸ்ட்?" நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கலை. உங்களுக்கும் பிடிக்காமப் போகலாம். பரவாயில்லை, வாங்க சண்டை போடலாம் :-)

முதல்ல ஒரு பாவமன்னிப்பு. சில வருஷம் முன்னாடி ஒகேனக்கல்ல சொந்தக்காரர் மீன் கடைக்குப் பின்னாடி ஒரு சாரைப்பாம்பு மாட்டிச்சு. டூரிஸ்ட் பார்க்கட்டும், ரெண்டு நாள் வெச்சிருப்போம்னு அவருக்கு ஆசை. பெட்டி செஞ்சது சாட்சாத் அடியேன். பழைய மீன் தொட்டி, மேல கம்பி வலை, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் டேப். பார்க்க அட்டகாசமா இருந்தது. சித்திரை வெயில். மத்தியானத்துக்குள்ள பாம்பு செத்துப் போச்சு. வலையில முட்டி முட்டி மூக்கெல்லாம் ரத்தம். டேப்பில் ஒட்டின இடத்துல தோல் உரிஞ்சிருந்தது. வனத்துறையோட முதலைப் பண்ணை இருக்கிற ஊர் அது. ஒரு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

பாம்பால தன் உடம்புச் சூட்டைத் தானே குறைச்சுக்க முடியாது. நிழலுக்கு நகர்ந்துதான் ஆகணும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. நகர இடமும் இல்லைன்னா அது பெட்டியில்லை, அடுப்பு.

இப்ப வடநெம்மேலிக்கு வாங்க. அங்கே 1978லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கறவங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் எல்லாத்தையும் வெக்கறது மண்பானையில. உள்ளே மணல், வாயில பருத்தித் துணி, சுத்தி ஒரு கயிறு. அவ்வளவுதான். மண் காத்து விடும், குளிர்ச்சியா இருக்கும், இருட்டா இருக்கும். பாம்புக்கு வேண்டியது இதுதான். அந்தச் சமூகத்துல மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. கண்ணாடி விரியனையே கண்ணாடியில வெக்காதவங்க அவங்க!

"பானையில வெச்சா பாம்பைப் பார்க்கவே முடியாதே?" நண்பர் கேட்டது இதைத்தான். அங்கேதான் விஷயமே இருக்கு. நாம பெட்டி செய்யறது பாம்புக்கா, நம்ம கண்ணுக்கா?

"பானை மட்டும் சின்னதில்லையா, அதுவும் கொடுமைதானே?"ன்னு கேட்பீங்க. நியாயம். ஆனா அங்கே மூணு நாலு வாரம்தான். வாரம் ஒரு தடவை விஷம் எடுத்துட்டு, அடையாளம் போட்டுக் காட்டுல விட்டுடறாங்க. கயிறை அவிழ்க்கிற நாள் முன்கூட்டியே முடிவாயிடுது. நம்ம பெட்டியில அந்த நாள் கிடையாது.

நம்ம ஊர்ப் பாம்பைப் பிடிச்சு வீட்டுல வெக்கறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு மலைப்பாம்பு வளர்க்கறவங்க 2022 திருத்தத்துக்கு அப்புறம் பதிவு செய்யணும். அவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை: சிடார், பைன் மரச்சுருள் வேண்டாம், அந்த நெடி நுரையீரலுக்கு ஆகாது. வார்னிஷ் வாசம் முழுசாப் போகாத பிளைவுட்டும் வேண்டாம். டேப் வேண்டவே வேண்டாம்.

மத்தவங்களுக்கு என் பதில் ஒண்ணே ஒண்ணு: நல்ல மெட்டீரியல் காடுதான்.

டிஸ்கி: அந்த மீன் தொட்டியில இப்போ துளசி வளருது. திட்டணும்னா பின்னூட்டத்துல திட்டுங்க, வாங்கிக்கறேன்.