வரலாற்றாசிரியரைக் கௌரவிப்பது எப்படி?

புலம்பெயர்ந்த எமது சங்கங்கள் அறிஞர்களைக் கௌரவிப்பதில் குறைவைப்பதில்லை. பொன்னாடை, மலர்மாலை, வாழ்த்துப்பா, இராப்போசனம் எல்லாம் ஒழுங்காக நடந்தேறும். அவர் என்ன எழுதினார் என்ற கேள்வி மட்டும் மேடையில் எழுவது அரிது. பேராசிரியர் கா. இந்திரபாலாவைப் பொறுத்தவரை, அக்கேள்வியைத் தவிர்த்துச் செய்யப்படும் கௌரவம் வெறும் சம்பிரதாயமே என்பது எமது கருத்து.

பேராதனையில் வரலாறு கற்பித்தவர்; 1974இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாண வளாகத்தில் வரலாற்றுத்துறையின் முதற் பேராசிரியராகவும் கலைப்பீடாதிபதியாகவும் பொறுப்பேற்றவர். புதிய வளாகமொன்றில் அப்பதவி எத்தகைய பாரம் என்பதைப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியோர் அறிவர். 1980களின் தொடக்கத்தில் அவர் தலைமையிலான குழுவே ஆனைக்கோட்டையில் அகழ்வாய்வு நடத்தி, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக்குழியில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்தது.

ஆயினும் அவரை நாம் மதிப்பதற்கு முதற்காரணம் வேறு. 1965இல் இலண்டன் பல்கலைக்கழகக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வில், இலங்கையில் தமிழரின் பரந்த, நிலையான குடியிருப்புகள் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே தோன்றின என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். எம்மவர் பலருக்கு அது கசந்தது. எதிர்த்தரப்பினர் அதனைத் தமக்கு வாய்ப்பாக எடுத்தாண்டனர். பின்னர் தொல்லியல் புதிய சான்றுகளைத் தந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்த பின் 2005இல் வெளியிட்ட நூலில், தமது பழைய ஆய்வு காலங்கடந்துவிட்டதென அவரே எழுதினார்.

அவர் எம் பக்கம் வந்துவிட்டார் என்று மகிழ்வோர் அந்நூலைப் படித்தவரல்லர். தமிழரும் சிங்களவரும் தனித்தனியே கப்பலேறி வந்த இரு இனத்தவரல்லர். மொழியும் பண்பாடும் பரவியதால் இத்தீவின் ஆதிக்குடிகளிலிருந்தே இரு இனக்குழுக்களாக உருப்பெற்றவர்கள் என்பதே அதன் வாதம். விஜயன் கதையை நம்பியிருப்போருக்கும் இது கசக்கும், நாமே முந்தியவர் என்று முழங்குவோருக்கும் கசக்கும். வரலாறு பிழையாக விளக்கப்பட்டமையால் உயிரிழந்த அப்பாவிகளுக்கே அவர் அந்நூலைக் காணிக்கையாக்கினார்.

எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் வரலாறு என்ற பெயரில் போதிக்கப்படுவது மன்னர் பெயர்களும் பழம்பெருமையுமே. அந்நிய நாட்டு வகுப்பறையில் சிங்களப் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் எம் பிள்ளைக்கு அது போதாது. அந்நூலின் தமிழ் வடிவம் 'இலங்கையில் தமிழர்' என்ற தலைப்பில் வெளிவந்துள்ளது. அடுத்த விழாச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இரு பிரதிகளேனும் வாங்கிக் கொடுக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கின்றோம். ஆசிரியர்கள் முதலில் படிக்கட்டும்.