வட்டிக்குப் பின்னால் ஒரு முகம்



தாலந்து உவமையை (மத்தேயு 25:14-30) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பணத்தை நிலத்தில் புதைத்து வைத்த பணியாளன் கண்டிக்கப்படுகிறான். அதை வட்டிக்காவது கொடுத்திருக்கலாமே என்று தலைவன் கேட்கிறான். ஆகவே, சேமிப்பு பெருக வேண்டும் என்று ஒரு குடும்பம் விரும்புவது பாவமன்று. ஆனால், அது யாருடைய வியர்வையில் பெருகுகிறது என்று கேளாதிருப்பது முறையா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம் குடும்பங்களின் சேமிப்பு சிறுகச் சிறுகச் சேர்ந்தது. கடலுக்குச் சென்றவரின் உழைப்பு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு, ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை. மகளின் திருமணத்துக்கென அதை வைப்பிலிடச் செல்லும்போது, எவ்வளவு வட்டி என்று மட்டுமே கேட்கிறோம். அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

விடை நம் அயலிலேயே இருக்கிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வேகமாகப் பரவியது. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணை வைத்துக் கடன் கொடுத்தார்கள். தவணை கட்ட இயலாத தாய், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினாள். நிலைமை முற்றியதால், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு 2018ஆம் ஆண்டில் நிவாரணம் அறிவித்தது. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. பொதுமக்களிடம் வைப்புப் பெறும் நிதி நிறுவனங்கள் சிலவும் இத்தகைய கடன்களை வழங்கியிருந்தன. நாம் வைப்பிலிட்ட பணமே அவள் வாசலில் தவணை கேட்டு நின்றிருக்கக்கூடும்.

ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்குவதை விடுதலைப் பயண நூல் (22:25) தடை செய்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிரான்சிஸ்கன் துறவியர், ஏழைகளை வட்டிக்காரரிடமிருந்து காக்க அடகுக் கடன் நிலையங்களை ஏற்படுத்தினர். அவற்றின் நடைமுறைச் செலவுக்காகச் சிறு தொகை பெறுவதை ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் 1515இல் ஏற்றுக்கொண்டது. பணத்தை எங்கே முதலிடுவது என்பதும் ஓர் அறநெறித் தீர்மானமே என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார்.

நாம் என்ன செய்யலாம்? அந்த நிறுவனம் மத்திய வங்கியின் உரிமம் பெற்றதா, யாருக்கு என்ன வட்டிக்குக் கடன் கொடுக்கிறது என்று துணிந்து விசாரியுங்கள். வழக்கத்துக்கு மீறிய வட்டி ஓர் எச்சரிக்கை. சில நிதிக் கம்பனிகளின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்திருக்கிறது. பணம் போட்டவர்கள் பட்ட துயரம் சிறிதன்று. அயலவர் சேர்ந்து நடத்தும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906 முதல் இந்நாடு அறிந்த வழி. நம்பிக்கையானவர்கள் நடத்தும் சங்கத்தில் ஒரு பகுதியை இடலாம்.

இதனால் வட்டி சற்றுக் குறையலாம். 2022இன் நெருக்கடிக்குப் பின் அந்தக் குறைவு வீட்டில் உறைக்கும் என்பதும் உண்மை. எனினும் சக்கேயுவை (லூக்கா 19:1-10) எண்ணிப் பாருங்கள். இயேசு வீட்டுக்கு வந்தபின்தான், தன் செல்வம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் கணக்குப் பார்த்தார். இன்று மாலைக் குடும்பச் செபத்துக்குப் பின், நம் வைப்புப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து அவ்வாறு கணக்குப் பார்ப்போமா?