ஆயாவின் ரேடியோவும் ஆறு வோல்ட்டும்

எதிர்வீட்டு ஆயாவுக்கு விடிந்ததும் ரேடியோ பேச வேண்டும். அப்புறம்தான் வாசல் தெளிப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம். பழைய பிலிப்ஸ் பெட்டி. பெரிய செல் நான்கு போட்டால் ஆறு வோல்ட். அது தீர்ந்துபோக ஒரு மாதம் ஆகாது. தீர்ந்த செல்லை ஆயா தூக்கி எறிய மாட்டாள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வரிசையாகக் காயவைப்பாள். வடாம் மாதிரி.

என் பேத்தி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். ஆயாவுக்கு செல் செலவை மிச்சப்படுத்தலாம் என்று கைக்கடக்கமான அடாப்டர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினாள். ரேடியோவுக்கு உயிர் வந்தது, சென்னை நிலையத்தைக் காணோம். இருந்த இடத்தில் ஒரே வண்டுச் சத்தம்.

"புது அடாப்டர்தான் தாத்தா. வோல்ட்டும் கரெக்டா இருக்கு" என்று தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடாப்டர் மேல் தப்பில்லை. இந்தக் காலத்து அடாப்டர்கள் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வோல்ட்டேஜைக் குறைக்கின்றன. செல்போனுக்கு அது போதும். ஆனால் வெட்டும் ஒவ்வொரு வெட்டும் சுற்றுவட்டாரத்தில் ஒலிபரப்பாகிறது. 60,000 தடவை வெட்டினால் அதன் பன்னிரண்டாவது மடங்கு 7,20,000. சென்னை மத்திய அலையின் 720 கிலோஹெர்ட்ஸ் அதே இடம்தான். எங்கள் திருவண்ணாமலைக்கு வரும்போது சென்னை அலை இளைத்துத்தான் வருகிறது. அதன் தலைமேல் உட்கார்ந்து ஒரு அடாப்டர் கத்தினால் ஆயாவுக்கு என்ன கேட்கும்?

"எலிமினேட்டர் பண்ணு" என்றேன். அந்தச் சொல்லே அவளுக்குப் புதிது. டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் மெக்கானிக் கடைதோறும் தகரப் பெட்டியில் போட்டு விற்ற சரக்கு: பேட்டரி எலிமினேட்டர். செல்லுக்குப் பதிலாக, சுவர் மின்சாரத்தை வெட்டாமலேயே குறைத்துக் கொடுக்கும். பெயர் அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் ரேடியோவுக்கு பேட்டரி செய்து பிழைத்த பிலடெல்பியா ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி, 1925-ல் 'சாக்கெட் பவர்' என்று ஒரு எலிமினேட்டரை விற்றது. தன் பேட்டரிக்குத் தானே எமன். பிறகு சுவர் மின்சாரத்தில் நேராக ஓடும் ரேடியோக்கள் பெருகி எலிமினேட்டருக்கும் வேலை போனது. 1928-ல் கம்பெனி தானே ரேடியோ செய்ய இறங்கியது. அதுதான் பில்கோ.

ஒரு வாரத்தில் பலகையோடு வந்தாள். கடையில் கொடுத்த 6-0-6 டிரான்ஸ்பார்மர், 1என்4007 டையோடு இரண்டு, 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், 7806 ரெகுலேட்டர். ஈயம் வைத்த இடமெல்லாம் மணிமணியாகப் பளபளத்தது. சரியாக ஒட்டாத டிரை சால்டர் ஒன்றுகூட இல்லை. இந்தக் கை எனக்கு வர மூன்று வருஷம் ஆனது. முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது மட்டும் என் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுக்கச் சொன்னேன். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுசாய் எரியும். வெடிக்க ஒன்றும் மிஞ்சாது. இதற்குக் குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. வீட்டில் ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறேன்.

மீட்டரில் 6.0 காட்டியது. ஆயா வீட்டுக்குப் போய் மாட்டினாள். காலையில் சரியாகப் பாடியது. சாயங்காலம் சத்தத்தைக் கூட்டினால் 'உர்ர்ர்' என்று உறுமல். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. செல்போன் டவர் என்றார்கள், அண்ணாமலையே மறைக்கிறது என்றார்கள். 2,668 அடி மலை எத்தனை பழியைத்தான் தாங்கும்.

மறுபடி மீட்டர் வைத்தாள். மறுபடி 6.0.

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். சும்மா இருக்கும் சப்ளையை அளந்தால் அது நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும். முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். 27 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வெளிவாயில் கட்டினோம். ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் இழுக்கும். ரேடியோ உரக்கக் கத்தும்போது கேட்பதும் அந்த அளவுதான். மீட்டர் ஆறிலிருந்து வழுக்கியது. ரெகுலேட்டரின் உள்வாய்க் காலில் வைத்துப் பார்த்தோம். மூட்டை இல்லாதபோது பத்தை ஒட்டி இருந்தது ஏழுக்கு வந்துவிட்டது.

7806 ஆறு வோல்ட் கொடுக்க, உள்ளே குறைந்தது எட்டு போக வேண்டும். இரண்டு வோல்ட்டை அது தன் கூலியாக எடுத்துக்கொள்ளும். 6 வோல்ட் ஏசியின் உச்சி எட்டரை. டையோடு முக்கால் வோல்ட் விழுங்கினால் ஏழே முக்கால். அதுவும் உச்சியில்தான். அடுத்த உச்சி வரும்வரை விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் கண்டன்சர் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறது. 1000 மைக்ரோஃபாரட் அதற்குள் இரண்டு வோல்ட் இறங்கிவிடும். பள்ளம் ஆறுக்கும் கீழே. விநாடிக்கு நூறு தடவை ரெகுலேட்டர் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த நூறுதான் உறுமல். ஒரு டையோடு மட்டும் செத்திருந்தால் ஐம்பதாக, இன்னும் கட்டைக் குரலில் உறுமியிருக்கும். பழகிய காது மீட்டரை எடுக்குமுன்பே பிரித்துச் சொல்லிவிடும்.

சாயங்காலம் ஏன் என்றால், ஊரே மோட்டாரும் ஃபேனும் போடுகிற நேரம். 230 இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் தெருவில் 205-தான் வந்தது. அந்தப் பற்றாக்குறை டிரான்ஸ்பார்மர் வழியாக அப்படியே இந்தப் பக்கமும் வந்து சேரும்.

"9-0-9 வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். நடுக் கம்பியை விட்டுவிட்டு ஓரக் கம்பிகள் இரண்டையும் எடுத்தால் 12 வோல்ட் கையிலேயே இருக்கிறது. டையோடு நான்காக வேண்டும், பிரிட்ஜ் கட்ட வேண்டும், அவ்வளவே. உடனே சால்டரிங் அயர்னை எடுத்துவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். கண்டன்சரின் வயிற்றில் '16 வோ' என்று அச்சடித்திருந்தது. மூட்டை இல்லாதபோது பிரிட்ஜுக்குப் பின்னால் பத்தொன்பது, இருபது வரும். ஆயா ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கும் ராத்திரியில் அது ஊதி வெடித்திருக்கும். ஒரு கோளாறை நீக்கும் கையாலேயே அடுத்ததை விதைப்பது இந்தத் தொழிலில் சகஜம். நானும் ஒருமுறை விதைத்து, மேல்கூரையில் அலுமினியக் குப்பியைப் பொறுக்கியவன்தான்.

35 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட் போட்டாள். ரெகுலேட்டர் இப்போது உள்ளே வரும் பதினான்கு, பதினைந்தில் ஆறு போக மீதியைச் சூடாக்கித் தள்ள வேண்டும்; 0.2 ஆம்பியருக்கு ஒன்றேமுக்கால் வாட். விரல் வைக்க முடியாத சூடு. அலுமினியத் தகடு ஒன்றை மடித்துத் திருகினாள். டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் ஃபியூஸ், 230 வரும் முனைகளுக்கு உறை, எல்லாவற்றையும் மூட ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆயா தொடுகிற பொருள் அல்லவா. ரேடியோவுக்குள் ஒரு கம்பியையும் அறுக்கவில்லை. செல் அளவுக்கு மரக்கட்டைகளை உருட்டிச் செதுக்கி, முனையில் தகடு ஒட்டி, செல் இருக்கும் இடத்தில் கட்டைகளைச் செருகிவிட்டாள். இது அவளுடைய யோசனை. எனக்குத் தோன்றவில்லை.

அதோடு உறுமல் போயிற்று. இரண்டு மாதம் ஒரு புகாரும் இல்லை.

கார்த்திகை வந்தது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதம். விநாயகர், முருகர், பெரிய தேரில் அண்ணாமலையார், பெண்கள் இழுக்கும் அம்மன் தேர், பிள்ளைகள் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர். பெரிய தேர் மாட வீதியில் அசைந்து வரும்போது குறுக்கே ஓடும் மின்கம்பிகளுக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். எங்கள் தெருவிலும் ஃபேன் நின்றது. எலிமினேட்டர் டப்பா மேல் பேத்தி ஒட்டியிருந்த சிவப்பு எல்இடியும் அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

எதிர்த் திண்ணையில் சன்னமாக ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆயாவின் பக்கத்தில் மரக்கட்டைகள் கிடந்தன.

"வெயில்ல நல்லா காஞ்சிருந்துச்சு" என்றாள்.