இணையத்தோடு நாம் கொண்ட உறவு

இணையத்தைப் பற்றி எமது பழைய மாணவரிடையே இருவேறு கூற்றுக்கள் வழங்குகின்றன. அஃது இளைஞரைக் கெடுத்தது என்பர் ஒரு சாரார். அஃதின்றி இனி வாழ்வில்லை என்பர் மறு சாரார். இரு சாராரும் இணையம் என்றும் ஒரே தன்மையதாய் இருந்தது போலவே பேசுகின்றனர். அதனோடு ஒருங்கு வளர்ந்தவர்களாகிய நாம் அதற்கு உடன்படோம். நாம் இளமையிற் கண்ட இணையம் வேறு. இன்று எமது சட்டைப்பையில் இருப்பது வேறு.

1990 இன் பின் குடாநாட்டிற் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும், ஜாம் போத்தல் விளக்கிற் படித்தும் வந்த எமக்கு, 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் நகரிற் பெருகிய இணையக் கடைகள் பெரும் வியப்பாயின. அங்கே நேரக் கணக்கிற் காசு. ஆகையாற் காரியத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போவதே வழக்கம்: கனடாவிலுள்ள தமையனுக்கு ஒரு மடல், பரீட்சைக்கு வேண்டிய ஒரு குறிப்பு, அவ்வளவே. காரியம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவோம்.

தமிழில் மடல் எழுதுதல் அந்நாளில் எளிதன்று. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின்மீது தமிழ் வடிவத்தைப் போர்த்தியதொன்று. மடலைப் பெறுவோரின் கணினியிற் பாமினி இல்லையாயின் போர்வை விலகிவிடும். ‘அம்மா’ என்று நாம் அனுப்பிய சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அங்கே போய் நிற்கும்! யூனிக்கோட் பரவிய பின்னரே இத்தொல்லை தீர்ந்தது.

இத்தகைய தொல்லைகளுக்கிடையிலும் தமிழர் சிலர் இணையத்திற்குக் கொடுப்பவராய் இருந்தனர் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 இல் மதுரைத் திட்டத்தைத் தொடக்கி, தொண்டர் பலரின் துணையுடன் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க நாள்களில் தாங்கி வளர்த்தவர் யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன் அவர்கள். 2005 இல் நூலகத் திட்டம் தோன்றியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்திற்கு அதன் பெறுமதியை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடிப் பெற்று, ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்து, எவரும் காசின்றிப் படிக்க வைத்தோர் பெரும்பாலும் இளைஞரே.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2006 இல் பேஸ்புக் நிறுவனம், நண்பர் எழுதுவன எல்லாம் தாமாகவே வந்து விழும் ஓடையொன்றை அமைத்தது. 2009 இல் விருப்பக்குறி வந்தது. எதனைக் கண்டு நாம் சற்றுத் தரிக்கின்றோமோ அதனையே மேலும் மேலும் எடுத்துத் தரும் பொறிகள் தொடர்ந்து வந்தன. அவற்றுக்கு எமது காரியம் பொருட்டன்று. நாம் எழுந்து போகாதிருத்தலே பொருட்டு. விளம்பர வருவாய் அதிலேயே தங்கியுள்ளது.

அதனால் இணையத்தை வீட்டுக்குள் விடோம் என்பாரோடும் நாம் சேரோம். 2020 இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் வட்ஸ்அப் மூலமாகவே பாடக் குறிப்புக்களை அனுப்பினர். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அன்று பின்தங்கியதையும் கண்டோம்.

எமது கவலை வேறொன்று. ஒவ்வொரு வகுப்பினரும் இன்று வட்ஸ்அப் குழுவொன்று வைத்திருக்கின்றனர். அதில் ஒருநாள் 1960 களின் துடுப்பாட்ட அணியின் படமொன்று வரும். சிட்னியிலிருக்கும் மூத்தவர் ஒருவர் நிற்பவர்களை இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லி அறிமுகஞ் செய்வார். மற்றொருவர் பயிற்றிய ஆசிரியரைப் பற்றி வேறெங்கும் எழுதப்படாத செய்தியொன்றைச் சொல்வார். மூன்றாம் நாள் அஃது அத்தனையும் பிறந்தநாள் வாழ்த்துக்களின் அடியிற் புதைந்துவிடும். (காலை வணக்கப் பூக்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை.) கைப்பேசி மாறும்போது படமும் போய்விடும். பெயர்களை அறிந்த மூத்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இவ்விழா ஆண்டிற் புதுக் கட்டடத்துக்கும் விருந்துக்கும் பணம் திரட்டுவோர் இதற்கும் சிறிது ஒதுக்குதல் வேண்டும். கல்லூரி இதழ்களின் பழைய பிரதிகள் எவரெவர் வீட்டுப் பெட்டகங்களில் உள்ளன என்று ஒவ்வொரு வகுப்பினரும் பட்டியல் எடுத்து நூலகப் பொறுப்பாசிரியரிடம் கொடுப்பாராக. படம்பிடிக்கும் பணியை உயர்தர வகுப்பு மாணவர் மகிழ்ந்து செய்வர். படிமங்களை நூலகத் திட்டத்திற்கு வழங்கலாம். குழுக்களில் வரும் படங்களையும், அவற்றின் கீழ் மூத்தோர் எழுதும் பெயர்களோடு, அவ்வப்போது எடுத்து வைக்க வகுப்புக்கு ஒருவர் போதும். பாமினியில் அச்சுக்கோத்த இதழ்களின் கோப்புக்கள் இன்னும் எவரிடமேனும் இருப்பின் அவற்றையும் தருக, யூனிக்கோட்டுக்கு மாற்றிவிடலாம்.