ரோடு ஊருக்கா, பஸ் முதலாளிக்கா?

பஸ் முதலாளிகளுக்குச் சட்டத்தின் மீது திடீர்ப் பக்தி எப்போது பிறக்கிறது? மக்கள் தேர்ந்தெடுத்த சபை அவர்களைக் கட்டுப்படுத்த முனையும்போதுதான்! அதுவரை “போட்டி, போட்டி” என்று முழங்கியவர்கள், அன்றே வக்கீலைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில், மான்செஸ்டர் வட்டாரத்தில் நடந்த வழக்கைப் பாருங்கள். பத்து ஸ்தல சபைகள் சேர்ந்தது அந்த வட்டாரம். 2021 மார்ச் 25ந் தேதி மேயர் ஆண்டி பர்ன்ஹாம் ஒரு முடிவை அறிவித்தார். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், என்ன கட்டணத்தில் பஸ் ஓட வேண்டும் என்பதை இனி வட்டார நிர்வாகமே தீர்மானிக்கும். கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்து ஓட்டலாம் என்பதே அது. ஸ்டேஜ்கோச், ரொட்டாலா ஆகிய இரு கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின.

35 ஆண்டு ஆட்டம்

ஏன் இந்த ஆத்திரம்? தாட்சர் சர்க்கார் 1985ல் கொண்டுவந்த சட்டம், 1986 அக்டோபர் 26 முதல் பஸ் முதலாளிகளை அவிழ்த்துவிட்டது. தடமும் கட்டணமும் அவர்கள் இஷ்டம். போட்டியால் கட்டணம் இறங்கும், பஸ் பெருகும் என்றார்கள். நடந்தது என்ன? கூட்டம் ஏறும் தடங்களில் பஸ்கள் முண்டியடித்தன. ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் மக்கள் காத்துக் கிடந்தனர். ஒரு கம்பெனியின் டிக்கெட் அடுத்த கம்பெனி பஸ்ஸில் செல்லாது. லாபமில்லாத தடம் வேண்டுமானால், ஸ்தல சபை மானியம் கொடுக்க வேண்டும். லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் ஊருக்கு! இந்தப் போட்டி அவ்வளவு உத்தமமானதென்றால், தலைநகர் லண்டனுக்கு மட்டும் விலக்கு அளித்தது ஏன்?

கோர்ட்டில் கம்பெனிகள் சொன்ன வாதம் என்ன? கொரோனாவால் பயணிகள் கணக்கு மாறிவிட்டது. திட்டத்தைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்பதாம்! அதே கொரோனாக் காலத்தில் காலி பஸ்களை ஓடவைத்தது யார் பணம்? சர்க்கார் தந்த அவசர மானியம், அதாவது மக்களின் வரிப்பணம். அதைக் கை நீட்டி வாங்கியபோது கணக்கு உறுத்தவில்லை. அதிகாரம் பறிபோகும்போதுதான் உறுத்துகிறது!

2022 மார்ச்சில் ஹைகோர்ட் வழக்கைத் தள்ளியது. ரொட்டாலா அப்பீல் செய்தது. ஜூலையில் அதுவும் தள்ளுபடி. 2023 செப்டம்பர் 24ல் போல்ட்டன், விகன் பகுதிகளில் தொடங்கிய புதிய ஏற்பாடு, 2025 ஜனவரி 5ல் வட்டாரம் முழுவதற்கும் வந்தது.

லண்டன் தந்த பாடம்

அப்படியானால் கோர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்கலாமா? கூடாது. 1981 மே தேர்தலில் வென்ற லண்டன் மாநகர சபை, வாக்குறுதிப்படி அக்டோபரில் பஸ், ரயில் கட்டணத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. சுரங்க ரயில் நிலையமே இல்லாத புரோம்லி பகுதியின் ஸ்தல சபை வழக்குப் போட்டது. டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவரும், அந்தக் கட்டணக் குறைப்பு சட்டவிரோதம் என்றார்கள். 1969ம் வருஷச் சட்டம் போக்குவரத்தைச் சிக்கனமாக நடத்தச் சொல்கிறது. வரி கொடுப்போருக்குச் சபை கடமைப்பட்டது என்பது அவர்கள் நியாயம். லட்சக்கணக்கானோர் போட்ட ஓட்டைவிட, சட்டத்தின் ஒரு சொல்லுக்குக் கனம் அதிகமாகிவிட்டது! 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று.

ஆயினும் சபை ஓய்ந்துவிடவில்லை. சட்டத்துக்குப் பொருந்த மாற்றியமைத்த திட்டத்தை 1983ல் கோர்ட்டே ஏற்றது. மே மாதம் கட்டணம் சுமார் 25 சதவீதம் இறங்கியது.

லண்டன் தோற்ற இடத்தில் மான்செஸ்டர் வென்றது எப்படி? 2017ம் வருஷச் சட்டம் இந்த அதிகாரத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருந்தது. அதிகாரத்தைச் சந்தேகமறச் சட்டத்தில் எழுதி வாங்காத வரை, எந்த ஸ்தல சபையும் நீதிபதியின் வியாக்கியானத்துக்குக் கைதிதான்.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு விஷமம் இருந்தது. ஸ்தல சபை தானே புதிதாகப் பஸ் கம்பெனி தொடங்கக் கூடாது என்று அதே சட்டம் தடுத்தது! விளைவு? வழக்காடித் தோற்ற ரொட்டாலாவின் துணைக் கம்பெனி, பிறகு அதே திட்டத்தில் ஒப்பந்தம் எடுத்தது, ஸ்டேஜ்கோச்சும் எடுத்தது. “திட்டமே கூடாது” என்று கூவியவர்கள், பந்தி விரித்ததும் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்!

2025ல் வந்த புதிய சட்டம் அந்தத் தடையை நீக்கியது. இனிச் சபைகளுக்குச் சாக்கு இல்லை. தடத்தையும் கட்டணத்தையும் மீட்டது பாதி வெற்றியே. பஸ்ஸும் ஊரின் சொத்தாக வேண்டும். ரோட்டைப் போட்டது ஊர்ப்பணம். அதில் ஓடும் பஸ்ஸின் லாபம் மட்டும் ஏன் கம்பெனிக்குப் போக வேண்டும்?