ஷிஃப்ட் முடிந்து வரும் கால்கள்

போன சித்திரையில் ஆம்பூர்ப் பையன் ஒருவன் என்னிடம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தான். பகலெல்லாம் ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. மாலையில் வந்ததும் பாலாற்று மணலில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டேன். ஸ்டாமினா வேண்டாமா? போட்டியில் இரண்டாவது ரவுண்டு பாதியிலேயே கை இறங்கிவிட்டது. முகத்தை மறைக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. அங்கேயே வைத்துத் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியவன் நான் என்பது உறைக்கச் சில மாதம் ஆனது.

"அந்தக் காலத்தில் எழுபத்தைந்து ரவுண்டு அடிச்சாங்கடா, உனக்கு மூணுக்கே மூச்சு வாங்குதா?" இதைச் சொல்லாத கோச் நம்மில் யார்? 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபிறகு மணலில் ஓடுவதற்கு மவுசு இன்னும் கூடிவிட்டது. எழுபத்தைந்து ரவுண்டு பொய்யில்லை. 1889 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பியில், கொளுத்தும் வெயிலில், ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் வெறுங்கையோடு 2 மணி 16 நிமிடம் மோதினார்கள். வகுத்துப் பாருங்கள்: ஓய்வையும் சேர்த்து ரவுண்டுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அன்றைய விதிப்படி ஒருவன் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது. அரை நிமிட ஓய்வு. அதன்பின் எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். மூச்சு முட்டினால் லேசான அடிக்கே விழுந்துகொள்கிற சாமர்த்தியசாலிகள் இருந்தார்கள். கட்டிப்பிடித்துத் தள்ளலாம். வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் முதலில் உடைவது தன் விரல் என்பதால் குத்தும் அளந்துதான் விழும்.

கிளவுஸ் போட்டும் இழுத்தவர்கள் உண்டு. 1893-இல் நியூ ஆர்லியன்ஸில் ஆண்டி போவனும் ஜாக் பர்க்கும் 110 ரவுண்டு, 7 மணி 19 நிமிடம் ஆடினார்கள். பர்க்கின் இரண்டு கையும் உடைந்தது, முடிவே சொல்லாமல் நிறுத்தினார்கள். அதற்குள் பார்க்க வந்தவர்களில் பலர் தூங்கியாயிற்று. நம் பையனுக்கோ மூன்று மூன்று நிமிடமாக மூன்றே ரவுண்டு. விழுந்தால் ஓய்வு கிடையாது, எட்டு எண்ணுவார்கள்.

அந்தக் கால வெறுங்கைச் சண்டைக்காரர்கள் எப்படித் தயாரானார்கள் என்பதற்கு நல்ல சாட்சி கேப்டன் பார்க்ளே. 1809-இல் ஆயிரம் மணி நேரத்தில் ஆயிரம் மைல் நடந்து பந்தயம் ஜெயித்தவர். 1811-இல் குத்துச்சண்டை வீரர் டாம் கிரிப்பை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போய், 100 கிலோவைத் தாண்டியிருந்த ஆளை 85 கிலோ சுமாருக்கு இறக்கினார். அவர் முறைப்படி விடியற்காலை ஐந்துக்கு எழ வேண்டும். மேட்டில் அரை மைல் முழு வேக ஓட்டம், பிறகு ஆறு மைல் நடை, அரைவேக்காட்டு இறைச்சி, மறுபடி நடை. நண்பகலில் துணியைக் கழற்றிவிட்டு அரை மணி படுக்கை. மாலையில் இன்னொரு அரை மைல் பாய்ச்சல், மறுபடி நடை, எட்டு மணிக்குத் தூக்கம். ஒரு நாளைக்கு 20 முதல் 24 மைல். அந்தச் செப்டம்பரில் கிரிப், எதிராளி மோலினோவை 11 ரவுண்டில், சுமார் 20 நிமிடத்தில் முடித்துவிட்டார்.

நாம் அந்த நீளத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். மேட்டில் பாய்ந்ததையும் மத்தியானம் படுத்ததையும் விட்டுவிட்டோம். போதாததற்கு அவர்களுடைய மூடநம்பிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். தண்ணீரை அளந்து கொடுப்பது, அவர்களுடைய கம்பளிக்குப் பதில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டி வியர்க்கவிடுவது இரண்டுமே அந்த வழி வந்தவை. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் இதைச் செய்கிறவர் பயிற்சியாளர் இல்லை. அந்தக் கால ஆட்கள் கையையும் முகத்தையும் உப்புநீரில் ஊறவைத்துத் தோலை இறுக்கப் பார்த்தார்கள். இதைப் படித்தால் நம் ஊர் டேனரிக்காரர் சிரிப்பார். உப்பு, உரித்த தோலை அழுகாமல் காக்கும், அவ்வளவுதான். பதமாக்குவது கடுக்காயும் பட்டையும் குரோமும், அதுவும் உயிரில்லாத தோலை.

ஓட்டமே வேண்டாம் என்பதல்ல. மூன்று நிமிட ரவுண்டிலும் உடம்புக்குச் சக்தி பெரும்பாலும் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது; அதற்கு அடித்தளம் வேண்டும். ஆனால் டேனரியில் ஈரத்தோல் தூக்குகிறவனும் மெஷின் முன்னால் நிற்கிறவனும் கிரிப் நடந்த நடைக்கு ஈடான சுமையைக் காலில் ஏற்றிக்கொண்டுதான் நம் வாசலுக்கு வருகிறார்கள். கிரிப்புக்குச் சோறு போட ஒரு கேப்டன் இருந்தார்; நண்பகலில் படுக்கவும் முடிந்தது. நம் பையன் ஷிஃப்டில் எங்கே படுப்பான்?

இப்போது வேலை நாளில் அவனை நான் நீளமாக ஓடவிடுவதில்லை. வந்ததும் தண்ணீர், வாழைப்பழம், இருபது நிமிடம் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கை. பிறகு பேட் ஒர்க், மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஓய்வு. மேட்டுப் பாய்ச்சல் வாரம் ஒருமுறை, லீவு நாள் காலையில். மணலில் நெடுந்தூரம் ஓடுவதும் லீவு நாளில்தான்.

நோட்டையும் மாற்றினேன். நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். அந்த விளையாட்டில் ஒவ்வொரு செட்டின் எடையும் நோட்டில் ஏறும். நம் நோட்டில் கிலோமீட்டர் மட்டும்தான் இருந்தது. ஆம்பூர்ப் பையனின் நோட்டில் இப்போது தேதிக்குக் கீழே முதல் வரி இது: எந்த ஷிஃப்ட், எத்தனை மணி நேரம், நின்றா, உட்கார்ந்தா.