முன்பணம் இன்று, வண்டி என்று?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையில் நின்று பாருங்கள். புத்தம் புதிய கார்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். வண்டி செய்வதில் தமிழ்நாடு பெயர் பெற்றது. ஆனால், சொன்ன நாளில் கொடுப்பதில்?

2021-ம் ஆண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை கட்டியது. ஜூலை 15-ந் தேதி 499 ரூபாய் முன்பணம் வாங்கத் தொடங்கியது. ஒரே நாளில் 1 லட்சம் பேர் பதிவு செய்தார்கள்!

அக்டோபரில் வண்டி வரும் என்றார்கள். வரவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் முதல் 100 பேருக்கு வண்டி கிடைத்தது டிசம்பரில்தான்.

காரணம் என்ன? வண்டிக்கு மூளை போன்றது 'சிப்'. அதற்கு உலகம் எங்கும் தட்டுப்பாடு. உண்மைதான். கார் கம்பெனிகளும் தவித்தன.

தட்டுப்பாடு குற்றம் அல்ல. பொருள் கைக்கு வருமுன் நாள் குறித்ததுதான் தவறு. புது வண்டியை நம்பிப் பழைய வண்டியை விற்றவர் என்ன செய்வார்? தினமும் பஸ்சுக்கு நிற்பார்!

வாங்குவோரே! வண்டி தரும் தேதியை எழுதி வாங்குங்கள். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

499 ரூபாய் சிறு தொகைதான். ஆனால் கொடுத்த வாக்கு சிறியது அல்ல!